பாறையில் ஊதா பிடிக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

"அண்ணை, எட்டு மாசமாச்சு. கல்லு இன்னும் வாங்கின நிறத்திலதான் கிடக்கு."

போன ஆவணியில் முள்ளியவளைத் தம்பி ஒருவன் இப்படித்தான் கதையைத் தொடங்கினான். 200 லீட்டர் உப்புநீர்த் தொட்டி, இரண்டு கோமாளி மீன், பதினைந்து கிலோ உலர்ந்த பாறை. மீன்கள் சுகமாக ஓடித் திரிந்தன. பாறையில் மட்டும் ஊதாவும் இல்லை, இளஞ்சிவப்பும் இல்லை. கல்லில் பூச்சுப்போலப் படரும் கோரலைன் பாசியின் நிறங்கள் அவை. கொழும்பில் இருந்து ஊதா வரவைக்கும் திரவம் என்று ஒரு புட்டி எடுப்பித்து அதையும் ஊற்றி முடித்திருந்தான்.

நான் விளக்கைப் பற்றிக் கேட்கவில்லை. "கடல் தண்ணி எந்த மாசம், எங்கை அள்ளினனீ?" என்றுதான் கேட்டேன். அதற்கு அவன் சொன்ன பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன். வன்னியில் உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கும் பாதிப்பேருக்கு அந்தப் பதில் பொருந்தும்.

முதலில் கோரலைன் என்றால் என்ன என்று தெரிந்துகொள்வோம். இது சிவப்புப் பாசி வகை. தன் உயிரணுச் சுவரில் சுண்ணாம்புக்கல்லைப் படியவைத்துப் பாறை, கண்ணாடி, சிப்பி ஓடு எல்லாவற்றிலும் தட்டையாகப் பரவும். அது கட்டும் கல், மக்னீசியம் அதிகம் கலந்த கல்சைட். பாதி செடி, பாதி மேசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். செடிக்கு ஒளி வேண்டும், மேசனுக்குச் சாமான் வேண்டும். ஒருநாள் சாமானைக் கொட்டிவிட்டு மூன்று நாள் விட்டால் எந்த மேசனும் வேலைக்கு நிற்கமாட்டான்.

நான் பிடித்து வைத்திருக்கும் அளவுகள் இவை: உப்பு 35 பிபிடி, அதாவது ஆயிரத்தில் 35 பங்கு (ஒப்படர்த்தி 1.026), வெப்பம் 25 முதல் 27 பாகை, அல்கலினிட்டி (நீரில் கரைந்திருக்கும் கார்பனேட் வகைகளின் அளவு) 8 அல்லது 9 டிகேஹெச் (அதை அளக்கும் அலகு), கல்சியம் 400 முதல் 450 பிபிஎம் (பத்து லட்சத்தில் பங்கு), மக்னீசியம் 1250 முதல் 1350, பிஹெச் 8.0 முதல் 8.4, பொஸ்பேட் 0.1க்குக் கீழ். கடலும் கிட்டத்தட்ட இதுதான், அல்கலினிட்டி மட்டும் அங்கே 7 அளவில் இருக்கும். எல்லாச் சோதனைப் பெட்டிகளையும் ஒரேயடியாக வாங்கக் காசு இல்லையென்றால் உப்புமானியை முதலில் வாங்குங்கள், அடுத்தது அல்கலினிட்டி. ஊதாப் புட்டியை வாங்கவே வேண்டாம்.

ஊதா இருக்கிறது, ஆனால் அது கோரலைனா?

சிலர் "எனக்கு ஒரே கிழமையில் பிடித்துவிட்டது" என்று படம் அனுப்புவார்கள். ஒரே கிழமையில் பிடித்தால் அது கோரலைன் இல்லை. பெரும்பாலும் செந்நிறச் சயனோபக்டீரியா.

விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். சயனோ வழுவழுப்பான தோல்போல உரிந்து வரும், மத்தியானத்தில் அடியில் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள் நிற்கும், கையில் ஒரு சேற்று மணம் ஒட்டும். கோரலைன் நகத்துக்கு மசியாது. பிளேட் வேண்டும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் கண்ணாடியில் இருந்தோ பம்பின் உடலில் இருந்தோ ஒரு துணுக்கைச் சுரண்டுங்கள். பாறையில் சுரண்ட வேண்டாம், பாறையே சுண்ணாம்பு என்பதால் சோதனை பொய்த்துவிடும். துணுக்கைத் தேக்கரண்டியில் வைத்து இரண்டு துளி வினாகிரி விடுங்கள். துணுக்கை உற்றுப் பாருங்கள். ஊசி முனை அளவு குமிழ்கள் கிளம்பும். கொஞ்ச நேரத்தில் கல் கரைந்து, நடுவில் மங்கிய சிவப்பில் மெல்லிய சவ்வு மட்டும் மிதக்கும். அப்படி நடந்தால் உங்களிடம் இருப்பது கோரலைன்தான். குமிழே வராவிட்டால் கீழே மயிர்ப்பாசிக்குச் சொல்லியிருப்பதைப் படியுங்கள், சயனோவுக்கும் அதே வைத்தியந்தான்.

மாதக்கணக்காகியும் ஒரு புள்ளிகூட இல்லை

உலர்ந்த பாறையில் தொடங்கியவர்களுக்கு முதல் கேள்வி: விதை போட்டீர்களா? கோரலைன் காற்றில் வருவதில்லை. உயிருள்ள துணுக்கோ அதன் வித்தோ எங்கிருந்தாவது தொட்டிக்குள் வரவேண்டும். கடையில் மீனோடு வந்த தண்ணீரிலும், வாங்கிய நத்தையின் ஓட்டிலும் தற்செயலாக வரலாம். வராமலும் போகலாம்.

ஊதா பிடித்த தொட்டி வைத்திருக்கும் யாரிடமாவது கேளுங்கள். பின்கண்ணாடியில் சுரண்டிய ஒரு தேக்கரண்டி துணுக்கு போதும். ஈரம் காயாமல் அவர்களின் தொட்டி நீரிலேயே போட்டுக் கொண்டுவந்து, வடிகட்டியை இரண்டு மூன்று மணிநேரம் நிறுத்திவிட்டு, பம்பின் வாயோட்டத்தில் விட்டுவிடுங்கள். துணுக்குகள் பாறை இடுக்குகளில் போய் உட்காரும். ஊதா பிடித்த ஒரு சிப்பி ஓடு கிடைத்தால் இன்னும் நல்லது, அதைப் பாறைக்கு மேலே வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

கடலில் இருந்து பவளக் கல்லைப் பெயர்த்துக்கொண்டு வரலாமே என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டில் பவளம் எடுப்பது சட்டப்படி குற்றம், செத்த துண்டு என்று சொல்லித் தப்ப முடியாது. அதோடு காட்டுப் பாறையில் நண்டு, புழு என்று அழையாத விருந்தாளிகளும் வருவார்கள்.

விதை போட்ட பிறகு பொறுமை வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் குண்டூசித் தலை அளவில் முதல் புள்ளிகள் தெரியும். உலர் பாறை முழுதாக மூட ஒரு வருடம் எடுத்தாலும் அதிசயமில்லை. விதை போட்டு ஆறு மாதம் தாண்டியும் ஒன்றுமில்லை என்றால்தான் நீரைச் சந்தேகிக்க வேண்டும்.

உப்புமானி சரி காட்டுகிறது, மீன் சுகம், பாசி மட்டும் இல்லை

தம்பியின் கதை இதுதான். விதை போட்டிருந்தான், உப்புமானி 1.026 காட்டியது. மற்ற மூன்றையும் நான் அளந்தேன். அல்கலினிட்டி 5, கல்சியம் 300, மக்னீசியம் 950. மூன்றும் ஒரே வீதத்தில், கிட்டத்தட்ட கால்வாசி, குறைந்திருந்தன.

இப்படி மூன்றும் சேர்ந்து ஒரே அளவில் குறைந்திருந்தால் பாசியோ பவளமோ உறிஞ்சியதாக இருக்காது. அவை உறிஞ்சினால் அல்கலினிட்டிதான் முதலில் விழும், மக்னீசியம் அவ்வளவாக அசையாது. மூன்றும் சேர்ந்து குறைந்தால் நீர் ஆரம்பத்திலேயே நன்னீர் கலந்த கடல் என்று அர்த்தம்.

"மார்கழியில வட்டுவாகல் பக்கம் அள்ளினனான் அண்ணை. உப்புக் குறைவாத்தான் இருந்தது. கடையில உப்பு வாங்கிப் போட்டுச் சரிக்கட்டினன்."

மாரி மழைக்கு நந்திக்கடல் நிறைந்து முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில், வட்டுவாகலில் கரையோரம் ஓடுவது கடலும் வெள்ளமும் கலந்த தண்ணீர். அதில் உப்பு 26 பிபிடி அளவில் இருந்திருக்க வேண்டும். அதற்குச் சமையல் உப்பைப் போட்டு 35 ஆக்கிவிட்டான். உப்புமானி கரைந்திருப்பது எவ்வளவு என்றுதான் சொல்லும், என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது.

ஆனையிறவு உப்பு நல்ல உப்பு, சமையலுக்கு. உப்பளத்தில் நீர் பாத்திக்குப் பாத்தி மாறி வற்றும்போது முதலில் சுண்ணாம்புக் கார்பனேட் படிகிறது, பிறகு ஜிப்சம். அதற்குப் பிறகுதான் உப்பு பூக்கிறது. மக்னீசியம் கடைசிவரை கரைசலிலேயே நின்று கசப்பு நீரோடு வடிந்துபோகிறது. ஆக மேசனுக்கு வேண்டிய சாமான் எல்லாம் போன பிறகு மிஞ்சுவதுதான் நம் வீட்டு உப்புப் போத்தலுக்கு வருகிறது. கறிக்கு அது குறையில்லை, தொட்டிக்குத்தான் குறை.

திருத்தம் மருந்தில் இல்லை, நீரில் இருக்கிறது. தம்பியிடம் கிழமைக்கு 50 லீட்டர் வீதம் மாற்றச் சொன்னேன். அளம்பில் பக்கம், முகத்துவாரத்தில் இருந்தும் வள்ளம் கட்டும் இடத்தில் இருந்தும் தள்ளி, கோடை வெயிலில் கடல் தெளிந்து கிடக்கும்போது அள்ளியது. ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படுத்தினேன். ஆறாவது கிழமை மக்னீசியம் 1230, கல்சியம் 380. மீதியைக் கையால் கூட்டினோம். தைப்பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது பம்பின் கழுத்தில் மூன்று இளஞ்சிவப்புப் புள்ளிகளைக் காட்டினான். மூன்றும் சேர்த்து ஒரு உளுந்தளவு இருக்கும். படம் எடுத்து வைத்திருக்கிறான்.

கடல்நீர் அள்ளும் எல்லாருக்கும் ஒரு சொல்: அள்ளும் இடத்திலேயே உப்பை அளந்து பாருங்கள். 33க்குக் கீழே காட்டினால் வாளியைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள், பெற்றோல் காசு போனால் போகட்டும். நல்ல நீர் கிடைத்தால் துணியில் வடிகட்டி, வெளிச்சம் படாத பரலில் ஒன்றிரண்டு கிழமை வைத்துவிட்டு, காற்றோட்டம் கொடுத்த பிறகே பாவியுங்கள். மாரிக்கு வேண்டியதைப் புரட்டாசியிலேயே சேர்த்து வையுங்கள். வன்னியில் நெல்லுக்குச் செய்வதுதான், தண்ணீருக்கும்.

வந்த புள்ளி வெளுத்துப் போகிறது

வெள்ளை என்றால் அந்த இடத்தில் பாசி செத்துவிட்டது, கல் மட்டும் நிற்கிறது. எங்கே வெளுத்தது என்று பாருங்கள், காரணம் அதிலேயே இருக்கும்.

மேல் விளிம்பில் மட்டும் ஒரு நேர்கோடாக வெளுத்திருந்தால், நீர் மட்டம் இறங்கி அந்த இடம் காற்றில் காய்ந்திருக்கிறது. தொட்டி கழுவும்போது அரை மணிநேரம் வெளியே விட்டாலும் இதே கதிதான். விளக்குக்கு நேர் கீழே வட்டமாக வெளுத்திருந்தால் விளக்கு கடுமை. புதிய எல்இடி வாங்கிய உற்சாகத்தில் முழு வேகத்தில் போட்டிருப்பீர்கள். மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி நான்கைந்து கிழமை எடுத்து ஏற்றுங்கள்.

தொட்டி முழுக்க ஒரே நேரத்தில் வெளுத்தால் மூன்று காரணங்கள்: வெப்பம், உப்பு ஏற்ற இறக்கம், மருந்து. மருந்தை ஒரே வரியில் முடித்துவிடலாம். செம்பு கலந்த மீன் மருந்தையோ ஐதரசன் பேரொக்சைட்டையோ பாறை இருக்கும் தொட்டியில் ஊற்ற வேண்டாம், நோயான மீனை வேறு வாளிக்கு எடுத்து வைத்தியம் பாருங்கள்.

வெப்பந்தான் வன்னியின் பெரிய வியாதி. 2022 மார்ச் கடைசியில் ஒருநாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தது நினைவிருக்கும். அந்தக் கிழமை என் தொட்டி 32 பாகைக்குப் போனது. மீன்களைக் காப்பாற்றினேன். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று இருந்தது. மூன்று வருடமாக வளர்த்த ஊதா பத்து நாளில் சுண்ணாம்பு அடித்த சுவர்போல ஆனது. முழுதும் போகவில்லை. பாறையின் அடிப்பக்கத்தில் உயிர் தப்பியது அடுத்த மாரிக்குள் மறுபடி மேலே ஏறியது. ஆகவே வெளுத்த பாறையை எடுத்து எறிந்துவிடாதீர்கள், சுரண்டவும் வேண்டாம்.

வெப்பத்தைக் குறைக்க மலிவான வழி மின்விசிறி. கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு நீரின் மேற்பரப்பில் காற்று சரிவாகப் படும்படி ஒரு சின்ன விசிறியைப் பூட்டினால் இரண்டு மூன்று பாகை இறங்கும். ஆனால் அந்தக் குளிர்ச்சிக்கு விலை நீராவி. சோளகம் வீசும் காலத்தில் விசிறியோடு 200 லீட்டர் தொட்டியில் ஒருநாளைக்கு நான்கு லீட்டர் போவதைக் கண்டிருக்கிறேன். உப்பு ஆவியாகாது. வெள்ளி பின்னேரம் வவுனியாவுக்குக் கலியாண வீட்டுக்குப் போய் ஞாயிறு இரவு வந்தால் பத்து லீட்டர் குறைந்திருக்கும், உப்பு 35இல் இருந்து 36.8க்கு ஏறியிருக்கும். வந்தவுடன் பத்து லீட்டர் நன்னீரை ஒரே மூச்சில் ஊற்றினால் அடுத்த அடி. இரண்டு அடியையும் மீன் தாங்கும், பாசி தாங்காது. மிதவை வைத்த தானியங்கி நிரப்பி வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் காலையும் மாலையும் கையால் ஊற்றுங்கள். நீர் மட்டத்துக்குக் கண்ணாடியில் ஒரு கோடு கீறி வைத்தால் வீட்டில் யாரும் ஊற்றலாம்.

நிழலில் மட்டும் பிடிக்கிறது, விளக்குக்குக் கீழே இல்லை

இது பிழையே இல்லை. பெரும்பாலான கோரலைன் வகைகளுக்கு மங்கிய ஒளி காணும். 1980களில் பஹாமாஸ் பக்கம் கடலடி மலையொன்றில் 268 மீட்டர் ஆழத்தில்கூட இந்தப் பாசியைக் கண்டார்கள். ஆகவே பாறையின் அடி, பம்பின் பின்பக்கம், கண்ணாடி மூலை என்று தொடங்குவது அதன் இயல்பு. மேலே வர வேண்டுமென்றால் நீலத்தைக் கூட்டி வெள்ளையைக் குறையுங்கள், எட்டு ஒன்பது மணிநேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள். யன்னல் வெயில் நேரே படும் இடத்தில் தொட்டியை வைத்திருந்தால் அந்தப் பக்கத்துக்குத் திரை போடுங்கள்.

பாறையைப் பச்சை மயிர்ப்பாசி, பழுப்புத் தூள் மூடுகிறது

கோரலைன் ஆறுதலாக வளர்வது. பச்சைப் பாசி ஓடி வளர்வது. இடத்தைப் பச்சை பிடித்துவிட்டால் ஊதாவுக்கு ஒளி கிடைக்காது. அதற்கு மேலே, பச்சையை வளர்க்கும் பொஸ்பேட்டே சுண்ணாம்புப் பளிங்கு வளர்வதையும் தடுக்கும். எதிரிக்குச் சோறு போட்டு மேசனின் கையையும் கட்டிப்போடும் சாமான் அது.

பச்சைக்கும் பழுப்புக்கும் சாப்பாடு எங்கிருந்து வருகிறது? அளவுக்கு மிஞ்சிய மீன் தீன் ஒரு காரணம். நம் பக்கத்தில் இன்னொரு பெரிய காரணம் கிணறு.

"எங்கட கிணத்துத் தண்ணி சவர், கல்சியம் கூட. பாசிக்கு நல்லதுதானே?" என்று கேட்காதவர் குறைவு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைக் கறையும் கோரலைன் கட்டும் கல்லும் ஒரே சொந்தந்தான். ஆனால் கிணற்று நீர் தனியே கல்சியத்தைக் கொண்டு வருவதில்லை. வயல், தோட்டம் ஓரத்துக் கிணறு என்றால் பசளையின் நைத்திரேற்று வரும். கருங்கற்பாறை நிலத்துக் குழாய்க்கிணறு என்றால் சிலிக்கா வரும், பழுப்புத் தூள்போலப் படியும் டயட்டமுக்கு அதுதான் தீன். கணக்கைப் பாருங்கள்: ஒரு லீட்டரில் 600 மில்லிகிராம் கரைந்திருக்கும் கிணற்று நீரை நாளுக்கு மூன்று லீட்டர் வீதம் ஊற்றினால் மாதத்துக்கு 54 கிராம் தொட்டிக்குள் சேர்கிறது. நீர் ஆவியாகும், இவை போகாது.

வன்னியில் சிறுநீரக நோய்ப் பயத்தால் ஊர் ஊராக ஆர்ஓ நிலையங்கள் (நீரில் கரைந்திருப்பதைச் சவ்வால் நீக்கும் இடங்கள்) வந்திருக்கின்றன. ஆவியாகும் நீருக்கு ஈடாக அந்த நீரையே ஊற்றுங்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம், நீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மானி மலிவுதான். ஒற்றை இலக்கம் காட்டினால் அருமை. ஐம்பது காட்டினால் கிணற்றைவிட மேல், அவ்வளவுதான்.

பிறகு கையால் பச்சையைப் பிடுங்குங்கள், தீனைப் பாதியாக்குங்கள், நத்தை நாலைந்து விடுங்கள். நத்தை பாசிப் படலத்தைத் தின்று கோரலைனுக்கு இடம் பிடித்துக் கொடுக்கும். கரிய முட்பந்து போன்ற கடல் முள்ளெலியை மட்டும் இந்தக் கட்டத்தில் விட வேண்டாம். அது பச்சையோடு ஊதாவையும் சேர்த்துச் சுரண்டி, பாறையில் வெள்ளைக் கோலம் போட்டுவிடும்.

எண்கள் நிற்கவில்லை, வாரா வாரம் விழுகின்றன

இது நல்ல செய்தி. மேசன் வேலையைத் தொடங்கிவிட்டான், சாமான் கேட்கிறான். தொட்டியில் பவளமும் இருந்தால் இன்னும் வேகமாக விழும்.

ஒழுங்கு முக்கியம்: முதலில் உப்பு, பிறகு மக்னீசியம், பிறகு அல்கலினிட்டியும் கல்சியமும். மக்னீசியம் குறைந்திருக்கும்போது மற்ற இரண்டையும் எவ்வளவு கொட்டினாலும் அவை ஒன்றோடொன்று சேர்ந்து வெள்ளைத் தூளாக விழும். பம்பின் விசிறியிலும் ஹீட்டரிலும் மா பூசியதுபோல் கறை கண்டால் இதுதான் நடக்கிறது.

200 லீட்டர் தொட்டிக்கான அளவுகள்:

அல்கலினிட்டி 1 டிகேஹெச் கூட்ட, அப்பச்சோடா 6 கிராம். பேக்கிங் பவுடர் அல்ல, அது வேறு. ஒருநாளில் 1க்கு மேல் கூட்டாதீர்கள்.

கல்சியம் 20 பிபிஎம் கூட்ட, இருநீரேற்றக் கல்சியம் குளோரைட் 15 கிராம்.

மக்னீசியம் 50 பிபிஎம் கூட்ட, எப்சம் உப்பு 100 கிராம். பாமசியில் வாங்குங்கள். தென்னைக்குப் போடும் பசளை மூட்டையில் இருந்து எடுக்க வேண்டாம்.

எதையும் தூளாகக் கொட்டாமல் ஆர்ஓ நீரில் கரைத்து, ஓட்டம் உள்ள இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். சோடாவைக் காலையில் விட்டால் கல்சியத்தை மாலையில் விடுங்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் தண்ணீர் பாலாகும்.

சுண்ணாம்பு நீர் எனக்குப் பிடித்த வழி. ஒரே கரைசலில் கல்சியமும் அல்கலினிட்டியும் சரியான விகிதத்தில் போகும். ஒரு லீட்டர் ஆர்ஓ நீருக்கு ஒன்றரை கிராம் தூய நீறிய சுண்ணாம்பு, மூடிக் குலுக்கி, ஓரிரு மணிநேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் இரவில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இரவில்தான் தொட்டியின் பிஹெச் இறங்கும், இது அதைத் தூக்கி நிறுத்தும். பழைய சேலைன் குழாய் ஒன்று காணும். ஒரேயடியாக ஊற்றினால் மீனும் போகும். கரைசலின் பிஹெச் 12க்கு மேல், கண்ணில் பட்டால் விளையாட்டில்லை, பிள்ளைகள் எட்டாத இடத்தில் வையுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு போடலாமா என்று அப்பம்மாவே கேட்டார். அதில் என்ன கலந்திருக்கிறது என்று பெட்டிக்கடைக்காரருக்கே தெரியாது. வேண்டாம்.

பிஹெச் 7.8க்குக் கீழே நின்றால் முதலில் யன்னலைத் திறந்து பாருங்கள். குளிரூட்டிய, அடைத்த அறையில் ஆட்கள் விடும் மூச்சே நீரில் கரியமில வாயுவாகச் சேர்ந்து பிஹெச்சை இறக்கும். நம் திறந்த வீடுகளில் இந்தப் பிரச்சினை அரிது.

கண்ணாடி எல்லாம் மூடிவிட்டது, மீனைக் காணவில்லை

ஒருநாள் இந்த முறைப்பாடும் வரும். முன்கண்ணாடியைக் கிழமைக்கு ஒருமுறை பிளேட்டால் சுரண்டுங்கள், கடும் படை ஆக விட்டால் தோள்மூட்டு போய்விடும். அக்ரிலிக் தொட்டி என்றால் பிளாஸ்டிக் சுரண்டி மட்டும். பின்கண்ணாடியைச் சுரண்டாமல் விட்டுவிடுங்கள், அதுதான் வடிவு. பம்ப் இறுகிச் சத்தம் போடத் தொடங்கினால் கழற்றி, பாதி வினாகிரி பாதி தண்ணீரில் அரை மணிநேரம் ஊறவிட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்னீரில் அலசிப் பூட்டுங்கள்.

வினாகிரியில் போடுமுன் பம்பில் இருந்து சுரண்டியதை வீசிவிடாதீர்கள். தொட்டி நீரோடு ஒரு ஜாம் போத்தலில் போட்டு நிழலில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். புதுக்குடியிருப்பில் புதிதாகத் தொட்டி வைத்திருக்கும் ஒருவருக்குப் போன கிழமை தம்பி கொண்டுபோய்க் கொடுத்தது அப்படி ஒரு போத்தல்தான்.